எட்டு சென்சாருக்கும் ஒரே ஜுரம்

அத்தியாயம் 6

"என் தம்பி கமிஷன் வாங்குற ஆளே இல்லைங்க. அவனுக்கு அத்தினி சாமர்த்தியம் கெடையாது."

ஒரு தம்பிக்கு அக்கா தரக்கூடிய நற்சான்றிதழ்களில் இதைவிட உயர்ந்தது இருக்க முடியாது. அமல்ராணி இதைச் சொல்லிவிட்டு, எங்கள் அலுவலகத்தில் வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் ஒரே ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது கிளாரா துப்பறியும் நிலையம். கிளாரா மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரித்தே தலை நரைத்தவர். எரியாத வைக்கோல் போருக்கும் சாகாத கறவை மாட்டுக்கும் பணம் கேட்டவர்களைப் பார்த்துப் பார்த்து, யாராவது உண்மை பேசினால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். நான் தமிழ்மணி, அவருடைய உதவியாளன். மாலை வகுப்பில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன். எதையும் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். சந்தேகம் வந்தால் முதலில் என்னையே சந்தேகப்படுவேன். துப்பறியும் தொழிலில் இது முன்னேற்றத்துக்கு உதவாது என்று மேடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"மொதல்லேருந்து சொல்லும்மா," என்றார் மேடம்.

அமல்ராணி முதலிலிருந்து, நடுவிலிருந்து, முடிவிலிருந்து என்று எல்லாப் பக்கமிருந்தும் சொன்னாள். நான் கட்டம் போட்டு ஒழுங்குபடுத்தியதில் கிடைத்தது இது.

அவள் தம்பி இருதய அருண், மாசிலாமணி பால் நிறுவனத்தில் ஒரே இன்ஜினியர். அந்த நிறுவனத்துக்கு மாவட்டம் முழுக்க அறுபது குளிர் அறைகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் சூடு பார்க்கும் சென்சார்களை மாட்டி, அளவுகளை விழுப்புரம் தலைமை அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முதலாளி மாசிலாமணிக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் இந்தச் சென்சார்கள் புளூடூத்தில் பேசுகிறவை. பக்கத்து அறைக்குக் கேட்டாலே பெரிது, ஒலக்கூரிலிருந்து விழுப்புரத்துக்கு எங்கே கேட்கும்? ஆகவே நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஒரு காதால் புளூடூத்தைக் கேட்டு, வாயால் சிம் கார்டு வழியாக டவருக்குச் சொல்லும் ஆள். அதற்குப் பெயர் கேட்வே. அறுபது வாங்குவதற்கு முன்னால், எதை வைத்து அதைச் செய்வது என்று பார்க்க, சோதனைப் பலகைகளை வாங்கி ஓட்டிப் பார்ப்பார்கள். டெவலப்மெண்ட் போர்டு என்பது அதுதான். பெண் பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, இங்கே பஜ்ஜி கிடைக்காது.

திண்டிவனத்தைத் தாண்டி ஒலக்கூர் ரோட்டில் இருக்கும் குளிர் அறையில் அருண் மூன்று போர்டுகளைச் சோதனைக்கு மாட்டினான். எட்டு சென்சார்கள் சொல்வதை மூன்றும் கேட்க வேண்டும்.

முதல் போர்டு வெளிநாட்டில் பெயர் வாங்கியது. மிகவும் சிக்கனமான ஒரு வகை நெட்வொர்க்கில் மட்டுமே பேசும். அந்த நெட்வொர்க் அந்தக் குளிர் அறைப் பக்கம் எட்டவில்லை. மாட்டிய நாளிலிருந்து டவரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கௌரவமான குடும்பம், கிடைத்த டவரோடு பேசாது.

இரண்டாவது, அருண் தேர்ந்தெடுத்தது. ஒரே பலகையில் இரண்டு சிப். ஒன்று புளூடூத்தைக் கேட்க, இன்னொன்று சாதாரண 4ஜி-யில் பேச. கரண்டு போனால் தாங்கப் பேட்டரி. உறைகூடக் கிடையாது. ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தி வைத்திருந்தான்.

மூன்றாவது, சென்னையிலிருந்து வந்த பாண்டுரங்கன் என்ற விற்பனையாளர் கொண்டுவந்து தந்தது. அலுமினியப் பெட்டி, நீல விளக்கு, மேலே 'ஏஐ' என்று ஒரு ஸ்டிக்கர்.

"போன ஞாயித்துக்கெழம வந்துச்சு பாருங்க வெனை," என்றாள் அமல்ராணி.

அன்று மாலை விழுப்புரத்தில் ஒரு சங்கத்துக்காரர்கள் மாசிலாமணிக்குத் 'தரம் காத்த தங்கம்' என்று பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சால்வை தோளில் விழுந்த அதே நேரத்தில் அவருடைய போன் மைக்குக்குப் பக்கத்தில் அலறியது. அருணின் போர்டு அனுப்பிய அபாய அழைப்பு. குளிர் அறையில் முப்பத்தோரு டிகிரி, பால் கெடப் போகிறது, ஓடி வா. மண்டபம் முழுக்கக் கேட்டது. மனிதர் மாலையும் சால்வையுமாகக் காரில் ஏறித் திண்டிவனத்துக்குப் பறந்தார். போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஜில்லென்று நாலு டிகிரி. பாண்டுரங்கனின் போர்டைப் பார்த்தால் அதுவும், அன்றைக்கு முழுக்க நாலு டிகிரிதான் என்று சத்தியம் செய்தது.

"அந்தப் பாண்டுரங்கன் ஓனர்கிட்ட ஏத்தி விட்டுட்டாருங்க. மட்டமான போர்டு, கமிஷனுக்காக உங்க பையன் எடுத்திருக்கான்னு. இன்னிக்கி சாயந்திரம் தம்பிய வேலைய விட்டுத் தூக்குறாங்க. லெட்டரு டைப் அடிச்சாச்சாம். இந்தப் பேரோட வெளில வந்தா எவன் வேலை குடுப்பான்?"

"அருண் என்னா சொல்றான்?"

"அதான் பேஜாரு. 'போர்டு சரியாத்தான் சொல்லுச்சு'ன்றான். 'அப்ப ரூம்ல சூடு ஏறுச்சா'ன்னா 'இல்லக்கா'ன்றான். 'அப்ப இன்னாதான்டா நடந்துச்சு'ன்னா ஜன்னலப் பாக்குறான்."

மேடம் கைப்பையை எடுத்தார். "ஜன்னலப் பாக்குறவன் யாரையோ காப்பாத்திக்கினு இருக்கான்னு அர்த்தம். வா மணி, திண்டிவனம் பஸ்ஸப் புடி."

*

பஸ்ஸில் ஜன்னலோரம் மேடம். நடுவில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலம். இந்தப் பக்கம் நானும், அருணிடமிருந்து வாங்கி அமல்ராணி என் போனுக்கு அனுப்பியிருந்த இரண்டு வரைபடங்களும், ஒன்று அவன் போர்டுடையது, இன்னொன்று பாண்டுரங்கன் போர்டுடையது.

"காரணங்களை வரிசையாப் பிரிச்சிருக்கேன் மேடம். கரண்டு, டவர், பேட்டரி, சென்சார் பழுது, மத்தவை."

"மத்தவைன்னா?"

"பேய்."

"அதையும் வுடாம எழுதிக்கிறியே, அந்த ஒழுங்குதான்டா உன்ன எங்கயும் போவ விடாம என்கிட்டயே வெச்சிருக்குது. அருண் போர்டு படத்தக் காட்டு."

காட்டினேன். மாலை வரை எட்டுக் கோடுகளும் நாலு டிகிரியில் படுத்திருந்தன. திடீரென்று எட்டும் சேர்ந்து எழுந்து முப்பத்தொன்றுக்குப் போயின. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றன. பிறகு ஒரு விசித்திரம். ஒன்றாம் நம்பர் மட்டும் சட்டென்று ஒரு துள்ளு மேலே போய் இறங்கியது. அது இறங்க, இரண்டாம் நம்பர் துள்ளியது. பிறகு மூன்று, நான்கு. எட்டு வரை போனதும் மறுபடி ஒன்றாம் நம்பர். இப்படி மூன்று சுற்று. அதற்கப்புறம் எல்லாம் அவசர அவசரமாக நாலு டிகிரிக்குத் திரும்பிவிட்டன.

"சாஃப்ட்வேர் பழுதா இருக்கலாம் மேடம். வரிசையா அனுப்புறப்ப ஏதாச்சும் சிக்கி... இல்ல, நான் தப்பாவும் படிச்சிருக்கலாம்."

"எட்டு பேருக்கும் ஒண்ணா ஜுரம் வருது. அப்புறம் ஒவ்வொருத்தரா வரிசையில நின்னு தும்முறாங்க. மூணு வாட்டி." மேடம் ஒரு மல்லாட்டையை உடைத்தார். "பழுதாவற மிஷினு இவ்ளோ மரியாதையா பழுதாவாதுடா."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டும் வரை நான் பேயைப் பட்டியலிலிருந்து அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

*

திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆயுத பூஜை முடிந்து பத்துப் பதினைந்து நாளாகியிருந்தது. கடைவாசல்களில் மாவிலைத் தோரணங்கள் சருகாகி, தொட்டால் பொடியாகும் நிலையில் தொங்கின. ஒலக்கூர் ரோட்டில் குளிர் அறை வாசலிலும் ஒரு தோரணம் தொங்கியது. மேடம் அதைத் தலை தூக்கிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. நான் ஆட்டோக்காரரிடம் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தேன். வரலாறு இப்படித்தான் என்னைத் தாண்டிப் போகிறது.

கண்காணிப்பாளர் கிருஷ்ணவேணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் பால் கேன்கள் நம்பர் வரிசையில் ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன. ஒன்றின் மூடிகூடக் கோணலாக இல்லை.

"சென்சாரை யாராச்சும் தொட்டீங்களாம்மா?" என்றார் மேடம்.

"ஐயையோ! அந்தப் பக்கம் நாங்க மூச்சுகூட வுடறதில்லைங்க. பாருங்க, ஓனரு எழுதி ஒட்டிக்கிறாரு."

குளிர் அறைக் கதவில் ஒட்டியிருந்தது: 'சென்சாரைத் தொட்டால் வேலை போகும். – மாசிலாமணி.' எழுத்துப் பிழை கிடையாது. அன்பும் கிடையாது.

அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். குளிரில் பல் தந்தியடிக்க, எந்தச் சென்சார் எங்கே தொங்குகிறது என்று கட்டம் போட்டு வரைந்தேன். தேவையா என்று தெரியவில்லை. கட்டம் போடாமல் வெளியே வந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். வெளியே வந்து மேடத்திடம் நீட்டினேன்.

"கதவுகிட்ட ஒண்ணாம் நம்பர். அதுக்குப் பக்கத்துல அஞ்சாம் நம்பர். கூரைகிட்ட ரெண்டாம் நம்பர். அந்தக் கோடி மூலைல மூணாம் நம்பர். ஒரு ஒழுங்கே இல்ல மேடம். அருண் கைக்கு வந்தபடி மாட்டிக்கிறான். ஒருவேளை நான்தான் தப்பா..."

"இல்லடா. இருடா." மேடம் கட்டத்தையே பார்த்தார். அவர் என் கட்டத்தை இரண்டாம் முறை பார்ப்பது இதுவே முதல் தடவை. "உள்ள கன்னாபின்னான்னு தொங்குது. ஆனா துள்ளுனது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு. ரூமுக்குள்ள ஒரு சூடு இப்பிடிப் போவணும்னா கதவுலேருந்து கூரைக்கு எகிறி, அங்கேருந்து மூலைக்குப் பாஞ்சி, குரங்கு மாதிரி தாவணும்."

"அப்ப?"

"அப்ப எட்டும் ரூமுக்குள்ளயே இல்ல. வெளில, யாரோ ஒருத்தங்க ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் கோடு போட்ட மாதிரி அடுக்கி வெச்சிருந்தாங்க." அவர் பார்வை மெதுவாகப் பால் கேன்களின் பக்கம் போய், அங்கிருந்து கிருஷ்ணவேணியின் முகத்துக்கு வந்தது. "ஏம்மா, ஆயுத பூஜை என்னிக்குப் பண்ணீங்க?"

"எல்லாரும் பண்ணப்பத்தாங்க..."

"அது உங்க தோரணத்துக்குத் தெரியலியே. ஊரு முழுக்க மாவிலை சருகாயிப் போச்சு. உங்க வாசல்ல மட்டும் இன்னும் பாதி பச்சையா கீது. சூடத்தட்ட மூணு சுத்து சுத்துனது யாரு, நீங்களா?"

கிருஷ்ணவேணி கவிழ்த்து வைத்திருந்த ஒரு கேன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பூஜை நாள்ல எங்களால பண்ண முடியாதும்மா. ஸ்வீட் கடைக்காரனெல்லாம் பாலு பாலுன்னு உயிர எடுப்பான், கை ஒழியாது. அதால வர்ஷா வர்ஷம் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயித்துக்கெழம சாயந்திரமா பண்ணிக்குவோம். மோட்டாரு, கேனு, லிட்டர் மக்கு, தராசு, எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வெப்போம். இந்தச் சின்னப் பொட்டிங்களும் ஆயுதம்தானே? அத மட்டும் எப்பிடி வுடறது? எடுத்தாந்து வரிசையா வெச்சேன்."

"அருணுக்குத் தெரியுமா?"

"அது பொரித் தட்டக் கையில வெச்சினு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்துச்சு. 'அக்கா, அது குளுருக்குள்ள இருக்கணும்'னு என்னமோ சொல்ல வந்துச்சு. சூடம் காட்டுறப்ப குறுக்கப் பேசாதப்பான்னு நான்தான் ஒரு அதட்டு போட்டேன். மூணாவது சுத்து முடிஞ்சுதோ இல்லியோ, ஆபீஸ் போன் அடிக்குது. ஓனரு. 'ரூம்ல தீ புடிச்சிச்சா'ன்னு கத்துறாரு. நானும் தம்பியுமா ஓடி ஓடி எல்லாத்தையும் தொடச்சி உள்ள அதது எடத்துலயே மாட்டிட்டோம். அப்புறம் தம்பி கையில அடிச்சி சத்தியம் பண்ணிச்சு, என் பேரு வெளில வராதுன்னு."

அருண் ஏன் ஜன்னலைப் பார்த்தான் என்பது இப்போது எனக்கே புரிந்தது. கடைக்கோடி மாணவனுக்கும் புரியும்படி பாடம் நடத்துகிறவர் கிருஷ்ணவேணி.

"தொட்டா வேலை போவும்னு தெரிஞ்சும் எதுக்கும்மா எடுத்தீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. தன் போனை எடுத்து எதையோ தேடி மேடத்திடம் நீட்டினார். மேடம் அதைக் காதோடு வைத்துக் கேட்டார். பாதியில் உதடு துடித்தது. முடிவில் வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்கு இத அனுப்பி வைம்மா," என்றார் கிருஷ்ணவேணியிடம்.

"என்னா மேடம் அது?"

"உனக்குப் பரீட்சை வருது, போய்ப் படி. இப்ப இதுக்குப் பதில் சொல்லு. போர்டு மூணு. ஒண்ணு இன்னும் டவரத் தேடிக்கினு கீது. ஒண்ணு முப்பத்தொண்ணுன்னு உண்மையச் சொல்லித் திட்டு வாங்குது. மூணாவது?"

அமல்ராணி தந்திருந்த பாண்டுரங்கனின் வரைபடத்தைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாலு புள்ளி ஒன்று, நாலு, நாலு புள்ளி ஒன்று. வெளியே எடுத்து, துணியால் துடைத்து, நெற்றியில் சந்தனம் வைத்து, முகத்துக்கு நேரே சூடம் காட்டியும் அசையவில்லை. ஒன்று ஞானி, இல்லாவிட்டால் புளுகன்.

"மேடம், இது..."

"கிருஷ்ணவேணியம்மா," என்றார் மேடம், "ஆறாம் நம்பர் சென்சாரைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கினு போறேன். தொட்டது நான்தான். எனக்கு அங்க வேலையே இல்ல, அதால போவாது."

*

மாசிலாமணியின் அறையில் 'தரம் காத்த தங்கம்' சால்வை கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிருந்தது. அதற்குக் கீழே மாசிலாமணி. இடப்பக்கம் பாண்டுரங்கன், டை கட்டி, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு. எதிரே இருதய அருண், இருபத்தைந்து வயது, நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அமல்ராணி கதவோரம் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். மேசையில் பணிநீக்கக் கடிதம்.

"அஞ்சு நிமிஷம் தர்றேன். அதுகூட உங்க வயசுக்கு மரியாதை குடுத்து," என்றார் மாசிலாமணி.

"அதுல மூணு நிமிஷத்த உங்களுக்கே திருப்பிக் குடுத்துடறேன்," என்றார் மேடம். "பாண்டுரங்கன் சார், ஒலக்கூர் ரோடு சென்டர்ல ஆறாம் நம்பர் சென்சாரு இப்ப எவ்ளோ காட்டுது?"

பாண்டுரங்கன் மடிக்கணினியைப் பெருமையோடு திருப்பினார். "நாலு புள்ளி ஒண்ணு மேடம். கல்லு மாதிரி நிக்குது."

"அருண், உன்னுது?"

அருண் தயங்கித் தயங்கிப் போனைப் பார்த்தான். "ஆறாம் நம்பர்... தொடர்பு இல்லைன்னு காட்டுது மேடம்."

பாண்டுரங்கன் சிரித்தார். "பாத்தீங்களா சார்? இருக்கிற எட்டுல ஒண்ணத் தொலைச்சிடுச்சு. இதத்தான் நான் மொதல்லேருந்து சொல்றேன்."

மேடம் கைப்பைக்குள் கைவிட்டார். ஜெபமாலை வந்தது. சீப்பு வந்தது. மல்லாட்டைத் தோல் கொஞ்சம் வந்தது. கடைசியாக, வெள்ளையாக ஒரு தீப்பெட்டி. முதுகில் 6 என்று எழுதியிருந்தது. அதை மேசை மேல் வைத்தார்.

"தொலையல. மத்தியானத்துலேருந்து என்கூடத்தான் பஸ்ல வருது. தொட்டுப் பாருங்க, வெந்நில போட்ட மாதிரி கீது. இதுவா உங்க நாலு புள்ளி ஒண்ணு?"

மாசிலாமணி தொட்டுப் பார்த்தார். பிறகு மடிக்கணினியைப் பார்த்தார். நாலு புள்ளி ஒன்று அங்கேயே இருந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோதே நாலு என்று மாறி, மறுபடி நாலு புள்ளி ஒன்றுக்கு வந்தது. சும்மா நின்றால் சந்தேகம் வருமே என்று அசைந்தும் காட்டியது. அதன் தொழில் பக்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

"அது வந்து சார்," என்றார் பாண்டுரங்கன், "எங்க ஏஐ-யோட சிறப்பு அம்சம். வழக்கத்துக்கு மாறா ஒரு அளவு வந்தாலோ, அளவே வரலைன்னாலோ, அத தப்புன்னு எடுத்துக்கிட்டு பழைய அளவையே காட்டும். கஸ்டமருக்கு வீண் டென்ஷன் இருக்காது."

"பாலு தயிராவுற வரைக்கும் இருக்காது," என்றார் மேடம்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்தால் குரல் தணியும் போலிருக்கிறது. "அறுபது ரூமு. எல்லாத்துலயும் இத மாட்டி, எல்லாம் கெட்டுப்போயி, நான் இங்க குந்திக்கினு நாலு டிகிரி நாலு டிகிரின்னு பாத்துக்கினு இருப்பேன். இல்ல?"

பாண்டுரங்கன் மடிக்கணினியை மூடினார். டை ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. மறுபடி திறந்து, டையை எடுத்து, மறுபடி மூடிக்கொண்டு வெளியே போனார். வாசல் வரை யாரும் வழியனுப்பவில்லை.

அமல்ராணி மூச்சுவிட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

"நில்லுங்க," என்றார் மாசிலாமணி. "அவன் போர்டு பொய்யின்னு ஆச்சு. அதால இவன் போர்டு உண்மைன்னு ஆயிடுமா? ஞாயித்துக்கெழம முப்பத்தொண்ணுன்னு சொல்லுச்சே, நான் போய்ப் பாக்கறப்ப ரூமு ஜில்லுன்னுதானே இருந்துச்சு?"

"ரூமு ஜில்லுன்னுதான் இருந்துச்சு. சென்சாருங்க அதுக்குள்ள இல்ல. வெளில எடுத்து வெச்சிருந்தாங்க. போர்டு உள்ளது உள்ளபடி சொல்லிச்சு."

"எடுத்தாங்களா? தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டிக்கிறேன், எடுத்தாங்களா? யாரு?"

மேடம் சீப்பையும் ஜெபமாலையையும் கைப்பைக்குள் திரும்பப் போட்டார். மாசிலாமணி அருணைப் பார்த்தார். "உனக்குத் தெரியும். யாருடா?"

அருண் ஜன்னலைத் தேடினான். அந்த அறையில் ஜன்னல் இல்லை, ஏசி. ஆகவே தரையைப் பார்த்தான்.

"டேய், வாயத் தொறந்து சொல்லுடா!" என்றாள் அமல்ராணி. "உன் லெட்டர்டா அது!"

"தெரியாதுக்கா."

"சரி. நீ சொல்ல வேணாம்." மாசிலாமணி இழுப்பறையிலிருந்து வொய்ட்னரை எடுத்தார். கடிதத்தில் இருதய அருண் என்ற பெயரின் மேல் பட்டையாகப் பூசினார். ஊதிக் காயவைத்தார். பேனாவைத் திறந்தார். "கிளாரா மேடம், நீங்க சொல்லுங்க. எடுத்தது எவனா இருந்தாலும் சரி, எடுக்கச் சொன்னது எவனா இருந்தாலும் சரி, இன்னிக்கே வீட்டுக்கு. இது மாசிலாமணி வார்த்தை. பேரு?"

"எடுத்தவங்க, சொன்னதக் கேட்டு செஞ்சவங்க. எடுக்கச் சொன்னவரு பேரு போதுமா?"

"அதான் வேணும்."

மேடம் போனை மேசை மேல், சென்சாருக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினார். நிறுவனத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த குரல் பதிவு. பின்னணியில் நாதஸ்வரம்.

'எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம பூஜைய ஜோரா பண்ணிடுங்க. போன வருஷம் ஒலக்கூர் ரோடு சென்டர்ல ஜெனரேட்டருக்குப் பொட்டு வெக்கல, மறு வாரமே படுத்துடுச்சு. இந்த வாட்டி ஒரு திருப்புளிகூட வுடக்கூடாது. புதுசா வந்தது, தொங்கறது, ஒட்டுனது, எல்லாத்தையும் எறக்கி சாமி முன்னாடி வெச்சாவணும். எதையாச்சும் வுட்டீங்கன்னா ஒருத்தனும் வேலைல இருக்க மாட்டீங்க. இது மாசிலாமணி வார்த்தை.'

நாதஸ்வரம் இன்னும் சிறிது நேரம் வாசித்துவிட்டு நின்றது. தொட்டாலும் வேலை போகும், தொடாவிட்டாலும் போகும். அந்த நிறுவனத்தில் இத்தனை பேர் இன்னும் வேலையில் இருப்பதே ஓர் அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. எனக்கும் வேலை முக்கியம்.

மாசிலாமணி பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

"கொரலு என்னுது மாதிரியே கீது," என்றார் கடைசியில்.

"ஆமாங்க," என்றார் மேடம். "நல்லா வந்துக்குது."

கடிதத்தில் வொய்ட்னர் காய்ந்து, பெயருக்கான இடம் பளிச்சென்று காலியாக இருந்தது. மாசிலாமணி பேனாவை மூடினார். பிறகு அருணைப் பார்த்தார்.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா அவங்கள அன்னிக்கே அனுப்பியிருப்பீங்க சார். என்ன அனுப்புறதுக்கு லெட்டராவது அடிச்சீங்க."

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். தாராள மனதுடன் ஒருவருக்கு உதவி செய்கிற குரலை வரவழைத்துக்கொண்டார்.

"சரி, போனது போவட்டும். உன் போர்டையே போடு. அறுபதுக்கும் அதான். ஆனா ஒண்ணு, இனிமே அலாரம் எனக்கு மொதல்ல வரக்கூடாது. மேடைல மானம் போவுது."

"சென்டர்ல இருக்கறவங்களுக்கு மொதல்ல போட்டுடலாம் சார். நீங்க விழுப்புரத்துலேருந்து போய்ச் சேர்றதுக்குள்ள பாலு கெட்டுடும். அவங்க கதவுக்கு வெளியவே நிக்கறாங்க. ஒலக்கூர் ரோட்டுல கிருஷ்ணவேணி அக்கா நம்பர். அவங்க எடுக்கலைன்னா உங்களுக்கு."

பெயர் வந்துவிட்டது. அருண் ஒரு நொடி வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தான். மாசிலாமணி அவனைப் பார்த்தார், போனைப் பார்த்தார், சென்சாரைப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. தன் போனை எடுத்துக் கட்டை விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார்.

"அந்தம்மா எத்தினி வருஷமா நம்மகிட்ட கீது?"

"பன்னெண்டு வருஷம் சார்."

அவர் போனில் அந்தப் பெயர் இல்லை. தேடுவதை நிறுத்திவிட்டு, பணிநீக்கக் கடிதத்தைக் கவிழ்த்துப் போட்டார்.

"நம்பரச் சொல்லு."

அருண் போனைப் பார்க்காமலே சொன்னான். மாசிலாமணி ஒவ்வொரு எண்ணாக எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினார்.

"கடைசி எண்ணு ஏழு சார். நீங்க ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

மாசிலாமணி திருத்திக்கொண்டார். பிறகு எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டி, "குந்துடா," என்றார்.